பின்பக்கம் பார்க்கிறவன்

பெர்லினில் ஜூன் 17 சாலையோரமாகச் சனி, ஞாயிறுகளில் ஒரு பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு மேசையில், காது உடைந்த காபிக் கோப்பைகளுக்கும் கறுத்துப்போன கரண்டிகளுக்கும் நடுவே, ஒரு தகர டப்பா நிறையப் பொத்தான்களும் சின்னங்களும் கிடந்தன. கையை விட்டுத் துழாவியபோது விரலில் ஏதோ குத்தியது. வெளியே எடுத்தால், கதிர் கதிராக முனை நீட்டிய நட்சத்திரத் தகடு. உள்ளங்கையை நிறைக்கிற அளவு. நடுவில் சிறிய கேடயம். அதற்குள் கழுகு இல்லை, சிங்கம் இல்லை, கரடி இல்லை. பொடி நட்சத்திரங்கள் ஏழு, அவ்வளவுதான். எழுத்து ஒன்றுகூட இல்லை.

விற்றவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏதோ ஹோட்டல் வாசல்காரன் தொப்பியில் இருந்திருக்கும். ஏழு நட்சத்திர ஹோட்டல்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசைக் கொடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் அந்த மேசை இருந்த வரிசைக்கே பிறகு போகவில்லை.

அந்த ஏழு நட்சத்திரங்கள் துரிங்கியாவினுடையவை. 1918 நவம்பரில் ஜெர்மானிய மன்னர்கள் எல்லாரும் முடி துறந்தபோது, நாட்டின் நடுப்பகுதியில் கைக்குட்டை அளவு சிற்றரசுகள் பல, அரசர் இல்லாமல் நின்றன. அவற்றில் ஏழு ஒன்றுசேர்ந்து 1920 மே 1 அன்று துரிங்கியா என்ற மாநிலம் ஆயின. சேர்ந்தவற்றுக்குள் எதன் சிங்கத்தைப் போடுவது, எதன் கிரீடத்தைப் போடுவது என்று சண்டை வராமல் இருக்க, ஆளுக்கு ஒரு நட்சத்திரம் என்று சிவப்புக் கேடயத்தில் ஏழு வெள்ளி நட்சத்திரங்களைப் பதித்தார்கள். அது 1921. நாஜிகள் வந்ததும் 1933-ல் அதை மாற்றினார்கள். போர் முடிந்து 1945-ல், அதுவரை பிரஷ்யாவிடம் இருந்த எர்ஃபுர்ட் சுற்றுவட்டாரமும் துரிங்கியாவோடு சேர்ந்தது, எட்டாவது நட்சத்திரம் முளைத்தது. இன்றைக்கும் எட்டுதான். ஆக ஏழு இருந்தால் 1921-க்கும் 1933-க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு வருஷம். எழுத்தே இல்லாத தகட்டுக்கு ஊரும் காலமும் சொல்ல, பத்துக்குள் எண்ணத் தெரிந்தால் போதும்.

ஜெர்மானியப் போலீஸ் சின்னங்களின் ருசியே இதுதான். அங்கே போலீஸ் என்பது மாநிலத்தின் விஷயம். பதினாறு மாநிலங்களுக்குப் பதினாறு போலீஸ், அவற்றுக்கு மேல் மத்தியப் போலீஸ் தனி. நூறு வருஷக் கணக்கைப் பார்த்தால் இன்னும் சிக்கல்: பேரரசு, குடியரசு, நாஜி ஆட்சி, நான்கு வல்லரசுகளின் ஆக்கிரமிப்பு மண்டலங்கள், இரண்டு ஜெர்மனிகள், மறுபடி ஒன்று. ஒவ்வொரு முறை வரைபடம் கலைந்தபோதும் யாரோ ஒரு தையற்காரர் போலீஸ்காரரின் கையிலிருந்து பழைய சின்னத்தைப் பிரித்துப் புதியதைத் தைத்திருக்கிறார். சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் நாஜிக் காலக் கழுகைத் தேடிப் போகிறார்கள். விலையும் அங்கேதான். எனக்கு ஆசை, சீக்கிரம் செத்துப்போன நிர்வாகங்களின் மேல். அரிய சின்னம் என்று நான் சொல்வது பெரும்பாலும் அற்பாயுசில் போன அரசாங்கத்தின் சின்னத்தைத்தான்.

இலச்சினைகளைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிவப்பில் வெள்ளைக் குதிரை துள்ளினால் லோயர் சாக்சனி. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சிங்கம் ஹெஸ்ஸே. சாவி என்றால் பிரேமன், கோட்டைவாசல் என்றால் ஹாம்பர்க். இதெல்லாம் பால பாடம். கொஞ்சம் தேறியவர்கள் பெர்லின் கரடியைப் பார்ப்பதில்லை, அதன் தலைக்கு மேல் இருக்கும் கிரீடத்தைப் பார்ப்பார்கள். கோட்டை மதில் மாதிரிக் கட்டிய கிரீடம் பழையது. 1954-ல் மேற்கு பெர்லின் தன் கரடிக்கு இலை வடிவ முனைகள் வைத்த கிரீடத்தைச் சூட்டியது. கிழக்கு பெர்லின் பழைய மதில் கிரீடத்தையே வைத்துக்கொண்டது. சுவர் எழும்புவதற்கு ஏழு வருஷம் முன்பே கரடியின் தலையில் பிரிவினை வந்தாயிற்று. பூதக்கண்ணாடி இல்லாமல் இது தெரியாது. கண்ணாடியோடு பார்த்துவிட்டால் மறக்காது.

கேடயத்தைச் சுற்றியிருக்கும் கதிர் நட்சத்திரத்துக்கு வேறு கதை. 1701 ஜனவரியில் பிரஷ்யாவின் முதல் அரசராக முடிசூடுவதற்கு முந்தின நாள், முதலாம் ஃபிரெடரிக் கறுப்புக் கழுகு விருதை ஏற்படுத்தினார். அந்த விருதின் நட்சத்திரம் பிறகு மெய்க்காவல் படையின் தலைக்கவசத்துக்கு வந்து, அங்கிருந்து போலீஸ் தொப்பிக்கு இறங்கியது. மூல நட்சத்திரத்தில் லத்தீனில் ஒரு வாசகம்: அவரவர்க்கு உரியது அவரவர்க்கு. ஜெர்மானிய ராணுவப் போலீஸ் இன்றும் அந்த லத்தீன் வாசகத்தோடுதான் நட்சத்திரத்தை அணிகிறது. அதே வாசகத்தை நாஜிகள் ஜெர்மன் மொழியில் இரும்பில் வார்த்துப் பூக்கன்வால்ட் வதைமுகாமின் வாசற்கதவில் பொருத்தினார்கள், உள்ளே இருப்பவர்கள் படிக்கும்படியாக. இந்த நட்சத்திரம் எதைக் கையில் எடுத்தாலும் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வரும். வராமல் இருக்க முயன்றதில்லை.

முன்பக்கக் கதை இவ்வளவு போதும். விஷயம் தெரிந்தவர்கள் சின்னத்தைக் கையில் வாங்கியதும் குப்புறத் திருப்புவார்கள். பட்டுப்புடவை எடுக்கப் போகும் வீட்டுப் பெரியம்மா முந்தானையைப் பார்த்து மயங்குவதில்லை. ஓரத்தை மடித்துப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். முன்பக்கம் பிறர் பார்க்கச் செய்தது, அங்கே யாரும் பொய் சொல்லலாம். பின்பக்கத்தில் செய்தவனின் கை தெரியும், அணிந்தவனின் வியர்வை தெரியும்.

துணிச் சின்னங்களில் மூன்று வகைப் பின்பக்கங்கள் உண்டு. அதிகாரிகளுக்கான கைவேலையில் ஜரிகை. 1930-களின் நடுவிலிருந்து அது பெரும்பாலும் அலுமினிய ஜரிகை. வெள்ளி முலாம் ஜரிகை நாள்பட்டால் கறுக்கும். அலுமினியம் கறுக்காது, சாம்பல் பூத்தாற்போல மங்கும். இந்த ஒரு வித்தியாசமே பல பேரங்களை முடித்துவைத்திருக்கிறது. இரண்டாவது, மெஷின் எம்பிராய்டரி. பின்பக்கம் நூல்கள் ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி ஓடியிருக்கும். மூன்றாவது, ஜக்கார்டுத் தறியில் நெய்தது. வுப்பர்டால் நகரின் பார்மன் பகுதி ரிப்பன் நெசவுக்குப் பேர்போனது. அங்கே ஏவால்ட் ஃபோர்ஷ்டேர் என்பவரின் ரிப்பன் ஆலை நெய்த சின்னங்களைச் சேகரிப்பாளர்கள் 'பேஃபோ' என்பார்கள். ஆலைப் பெயரின் சுருக்கம்தான் அது. நாளாவட்டத்தில் யார் நெய்திருந்தாலும் பேஃபோ என்றாகிவிட்டது, நாம் போட்டோ நகல் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் என்பது மாதிரி. நெய்த சின்னத்தின் பின்பக்கத்தில் வண்ண இழைகள் அடுக்கடுக்காக, கோடு பிசகாமல் ஓடும். அந்த ஒழுங்கை மலிவான போலியில் கொண்டுவருவது கடினம்.

இனி கழுகு. தவிர்க்க முடியாது.

1936 ஜூன் 17 அன்று நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் ஜெர்மானியப் போலீஸ் முழுவதற்கும் தலைவரானார். மாநிலங்களின் குதிரையும் சாவியும் நட்சத்திரமும் எல்லாம் போய், நாடு முழுக்க ஒரே சின்னம்: ஓக் இலை வளையத்துக்குள் நாஜி ஸ்வஸ்திகாவின் மேல் நிற்கும் கழுகு, இடது புஜத்தில். வடிவம் ஒன்றே ஆகிவிட்டதால் வேறுபாடு நிறத்துக்குப் போயிற்று. பச்சை நூல் என்றால் பெருநகரங்களின் அரசுப் போலீஸ். திராட்சைரசச் சிவப்பு என்றால் நகராட்சிப் போலீஸ். ஆரஞ்சு, கிராமப்புறத்து ஜென்டார்மெரி. பொன்மஞ்சள், நீர்வழிப் போலீஸ். கருஞ்சிவப்பு, தீயணைப்புப் போலீஸ். சில கழுகுகளுக்கு மேலே வளைவாக ஊர்ப்பெயரும் தைத்திருக்கும். சிற்றூர்ப் பெயர் தாங்கிய கழுகுக்கு ஏலத்தில் கைகள் சட்டென்று உயரும். எத்தனை பேர் அணிந்திருக்க முடியும் என்று யோசித்தால் காரணம் புரியும். பத்துப் பதினைந்து போலீஸ்காரர்கள் இருந்த ஊராக இருக்கலாம்.

இந்த ஆரஞ்சையும் பொன்மஞ்சளையும் பிரித்தறிவதில் ஒரு சுகம் உண்டு, மறைக்க மாட்டேன். அந்தச் சுகத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களோடு எனக்குப் பேச்சு நீளாது. பச்சைக் கழுகு அணிந்தவர்களில் 101-ஆவது ரிசர்வ் போலீஸ் பட்டாலியனும் உண்டு. பெரும்பாலும் ஹாம்பர்க்கைச் சேர்ந்த நடுவயதுக் குடும்பஸ்தர்கள், ஏறக்குறைய ஐந்நூறு பேர். 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூசெஃபோவ் என்ற ஊரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை யூதக் குடும்பங்களைக் காட்டுக்கு நடத்திக்கொண்டுபோய்ச் சுட்டார்கள். விருப்பமில்லாத மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தொடங்கும் முன் தளபதியே சொல்லியிருந்தும், விலகியவர்கள் கொஞ்சம் பேர்தான். வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங் 1992-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். மூன்ஸ்டர் நகரில் வில்லா டென் ஹொம்பெல் என்ற பழைய தொழிலதிபர் மாளிகை இருக்கிறது. போர்க்காலத்தில் அந்த வட்டாரப் போலீஸின் தலைமையகம் அது. மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டே கொலைக்கு ஆள் அனுப்பிய இடம். இன்று அது நினைவிடம், பயிற்சிப் போலீஸ்காரர்களும் அங்கே பாடம் கேட்க வருகிறார்கள். கழுகு சேர்க்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய்விட்டு வந்து பிறகு சேர்க்கட்டும்.

ஜெர்மானியச் சட்டமும் இதில் கண்டிப்பு. தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவின்படி நாஜி ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி, கலை, வரலாறு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் அங்கத்து ஏலப் பட்டியல்களில் கழுகின் காலடியில் ஒரு ஒட்டுத்தாள் வட்டம் இருக்கும். பட்டியலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கழுகுகள் வெள்ளைப் பந்தின் மேல் நிற்பதுபோல் ஒரு தோற்றம்.

கள்ளச்சரக்கு அதிகம் புழங்குவதும் நாஜி ஆட்சியின் பன்னிரண்டு வருஷத்துச் சின்னங்களில்தான். நானும் ஏமாந்தேன். ஒரு கண்காட்சியில் திராட்சைரசச் சிவப்பு நூலில் ஊர்ப்பெயரோடு ஒரு கழுகு. மங்கிய துணி, ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகள், பார்த்த கணமே கை நீண்டுவிட்டது. பின்பக்கத்தையும் பார்த்தேன், ஆனால் ஆசையோடு பார்த்தேன். ஆசையோடு பார்த்தால் பின்பக்கமும் பொய் சொல்லும். வீட்டுக்கு வந்து முகர்ந்தபோது லேசாக டீ வாசம். புதுத் துணியைப் பழசாக்க டீத் தண்ணீரில் ஊறவைப்பது இந்தத் தொழிலில் பழைய கைங்கரியம். அப்புறம் பூச்சி ஓட்டைகளைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்துப்பூச்சி கம்பளியைத் தின்னும். பருத்தி நூலையும் செயற்கைப் பட்டையும் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் உண்மையாகவே அரிபட்ட சின்னத்தில் கம்பளித் துணி ஓட்டையாகி, எம்பிராய்டரி நூல் மட்டும் வலைபோல் தொங்கும். என்னுடையதில் துணியும் நூலும் சேர்ந்தே வட்டமாகப் போயிருந்தன. பூச்சிக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது. கடைசியாகப் புறஊதா விளக்கில் காட்டினேன். வெள்ளை இழைகள் நீலமாகப் பளீரென்று எரிந்தன. துணிக்கு வெண்மை ஊட்டும் ஒளிரும் ரசாயனங்கள் போருக்குப் பிறகுதான் பரவலாகின. அந்தக் கழுகை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்குக் காட்ட.

இதே காலத்தின் இன்னொரு பொருளை மட்டும் மேசை இழுப்பறையில் எப்போதும் எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். ஷாக்கோ என்னும் உயரமான போலீஸ் தொப்பியின் முன்பக்கத் தகடு, அலுமினியம். ஓக் இலை வளையம் அப்படியே. கழுகு அப்படியே. அதன் கால்களுக்குக் கீழே மட்டும் வெறுமை. 1945-ல் புதுத் தகடு செய்ய ஆலையும் இல்லை, உலோகமும் இல்லை. ஆனால் தெருவில் போலீஸ் நிற்க வேண்டும். அதனால் இருந்த தகட்டையே அரத்தால் ராவி, ஸ்வஸ்திகாவை எடுத்துவிட்டு மறுபடி தொப்பியில் மாட்டினார்கள். என்னிடம் இருப்பதில் ராவியவர் பொறுமை இல்லாதவர். அரம் இரண்டு முறை வழுக்கிக் கழுகின் இடது நகத்தையும் கொஞ்சம் தின்றிருக்கிறது. கொக்கிகளில் ஒன்றின் நுனி போகாமல் ஒரு புள்ளியாக நிற்கிறது. அதை விரலால் தடவினால் உறுத்தும்.

இதற்கும் போலி உண்டு. மலிவான முழுத் தகட்டை வாங்கி இன்றைக்கு ராவி, '1945' என்று விற்கிறார்கள். கண்டுபிடிக்கும் வழி அரக்கீறல்களின் அடியில் இருக்கிறது. புதிதாக ராவிய அலுமினியம் சில மாதத்தில் பளபளப்பை இழந்துவிடும். நிறத்தை நம்ப முடியாது. ஆனால் இலை நரம்புகளுக்குள் படிந்திருக்கும் அதே மெழுகும் அழுக்கும் அரக்கீறல்களுக்குள்ளும் ஒரே மாதிரிப் படிந்திருக்க வேண்டும். இலைக்குள் கறுப்பும் கீறலுக்குள் சுத்தமும் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். என் தகட்டில் புள்ளியாக நிற்கும் அந்தக் கொக்கி நுனியைச் சுற்றிக்கூட பாலிஷ் மெழுகு இறுகியிருக்கிறது. ராவிய பிறகும் யாரோ அதை ஒழுங்காகத் துடைத்து மாட்டியிருக்கிறார்.

1945-க்குப் பிறகான பத்துப் பன்னிரண்டு வருஷங்கள்தான் என் சொர்க்கம். வெற்றி பெற்ற நாடுகள் ஹிம்லரின் ஒற்றைப் போலீஸை உடைத்துத் தூளாக்கின. அமெரிக்க மண்டலத்தில் 5,000 பேருக்கு மேல் இருந்த ஊர்களெல்லாம் தத்தம் போலீஸை வைத்துக்கொண்டன. ஊருக்கு ஒரு போலீஸ் என்றால் ஊருக்கு ஒரு சின்னம். தென்மேற்கில் வூர்ட்டம்பெர்க்-பாடன், வூர்ட்டம்பெர்க்-ஹோஹென்சோலர்ன், பாடன் என்று மூன்று மாநிலங்கள் தோன்றி, 1952 ஏப்ரலில் ஒன்றாகிப் பாடன்-வூர்ட்டம்பெர்க் ஆயின. ஏழே வருஷ வாழ்வு. பிரான்ஸின் பாதுகாப்பில் தனித்து நின்ற சார் பிரதேசத்தின் கதை இன்னும் விசித்திரம். 1947-லிருந்து அதற்குத் தனிக் கொடி: ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு, நடுவே வெள்ளைச் சிலுவை. 1955 வாக்கெடுப்பில் மக்கள் அந்தத் தனி ஏற்பாட்டை நிராகரித்தார்கள். 1957 ஜனவரி 1 முதல் சார் மேற்கு ஜெர்மனியில் ஒரு மாநிலம், நான்கு கட்டம் போட்ட புது இலச்சினையோடு. ஒரு போலீஸ் சின்னத்தில் அந்த நீலமும் சிவப்பும் சிலுவையும் தென்பட்டால், இன்றைய மாநிலப் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. வேறு ஏதோ நாட்டுச் சின்னம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர். ஒதுக்கட்டும், நமக்கு நல்லது.

கிழக்கில் இதே மாதிரி ஒரு சந்து 1990-ல் திறந்தது. அக்டோபர் 3 அன்று கிழக்கு ஜெர்மனி கலைந்தது. ஐந்து மாநிலங்கள் திரும்பப் பிறந்தன. ஆனால் அவற்றின் இலச்சினைச் சட்டங்கள் 1991-ல்தான் வந்தன. மாநிலம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, சின்னம் எது என்று சட்டம் இன்னும் சொல்லவில்லை. அந்தச் சில மாதங்களைச் சேர்ந்தது என்று நிச்சயப்படுத்த முடிகிற சின்னம் கிடைத்தால் விலை கேட்காமல் வாங்குவேன்.

1970-களில் இந்த விளையாட்டு அடங்கிவிட்டது. ஹைன்ஸ் ஓஸ்டர்கார்ட் என்ற பெர்லின் ஆடை வடிவமைப்பாளர் மேற்கு ஜெர்மனி முழுமைக்கும் ஒரே சீருடை வரைந்தார்: பாசிப்பச்சை மேலங்கி, வெளிர் பழுப்புக் கால்சட்டை. தோளில் பச்சை நட்சத்திரம் கீழ்நிலை, வெள்ளி நடுநிலை, பொன் மேல்நிலை. ரொம்பத் தெளிவு, ரொம்பச் சப்பை. புஜத்தில் மாநில இலச்சினை மட்டும் தப்பியது. 2000-களில் ஹாம்பர்க்கில் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாக நீலத்துக்கு மாறியது. அவற்றையும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வாழ்த்து.

என்னிடம் இருப்பதில் எனக்கு மிகப் பிடித்தது, ஏலத்தில் யாரும் சீந்தாத ஒன்று. மியூனிக் நகரப் போலீஸின் புஜச் சின்னம். மஞ்சள் ஓரம் வைத்த கறுப்பு அங்கி, சிவப்புக் காலணி, கையில் சிவப்புப் புத்தகம்: அந்நகரின் அடையாளமான குட்டித் துறவி. பவேரியாவில் ஊர்ப் போலீஸ்கள் ஒவ்வொன்றாக மாநிலத்தோடு கரைந்தபோது கடைசிவரை தாக்குப்பிடித்தது மியூனிக்தான். 1975 அக்டோபரில் அதுவும் முடிந்தது. எம்பிராய்டரி சுமார் ரகம். துறவியின் முகத்தில் மூக்கு இல்லை.

திருப்பினால் மூன்று விதத் தையல். முதலாவது கச்சிதம், பச்சைப் பருத்தி நூல், தையற்கூடத்து வேலை. அதைப் பிரித்த ஓட்டைகளுக்கு ஒரு நூலிழை தள்ளி, கறுப்பு நூலில் இரண்டாவது, வீட்டுக் கை. மேலங்கி மாறியிருக்கிறது, சின்னம் மாறவில்லை. மூன்றாவது தையல் இடது ஓரத்தில் மட்டும், விட்டுப்போன இடத்தை அவசரமாகப் பிடித்தது. வெள்ளை நூல். முன்பக்கம் தெரியக் கூடாதென்று பச்சை மையைத் தொட்டுத் தடவியிருக்கிறார்கள். புறஊதா விளக்கில் காட்டியபோது பின்பக்கத்தில் அந்த ஐந்தாறு தையல் மட்டும் நீலமாக எரிந்தது. போலிக் கழுகில் எரிந்த அதே நீலம். மை எட்டாத இடம் அது. முடிச்சுப் போட்டவருக்கு நேரமில்லை போலும், நூலை ஒட்ட நறுக்காமல் விரற்கடை நீளத்துக்கு விட்டுவிட்டார். நானும் நறுக்கவில்லை.